மூடு, கழட்டு, மாட்டு, திற

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் கார்த்திக் என்று ஒருவர் இருக்கிறார். சேலத்துக்காரர், ஐடி வேலை. போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது கேட்டார்: "அங்கிள், ஒரு மாடுலர் கேமரா செகண்ட் ஹேண்ட்ல வருது. பாடி தனி, லென்ஸ் தனி, டிஜிட்டல் பேக் தனி. நீங்க ஃபேக்டரியில அதைத்தான வெச்சிருந்தீங்க? ப்ளஸ் என்ன, மைனஸ் என்ன, சொல்லுங்களேன்."

அப்புறம் சொல்கிறேன் என்று என் மாடியில் இறங்கிக்கொண்டேன். இதே கேள்விக்கு நான் ஒரு தடவை பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். அதை வைத்து ஒரு மனிதரை வேலையை விட்டுத் துரத்தினார்கள். கார்த்திக்குக்கு இதை லிஃப்டில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தேவராஜ். அல்சூர்க்காரன். தொண்ணூற்றொன்றில் பெங்களூரில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையில் புகைப்படப் பிரிவில் சேர்ந்தேன். அதற்கு முன் கமர்ஷியல் தெரு ஸ்டுடியோ ஒன்றில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் எங்கள் வேலை கண்காட்சிக்கு, விளம்பரத்துக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு என்று இயந்திரங்களைப் படம் எடுப்பது. எது உடைந்தாலும் எங்கே விபத்து நடந்தாலும் அதைப் படம் எடுப்பதும் எங்கள் வேலைதான். பிரிவின் தலைவர் வரதராஜன் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். தப்புச் செய்தால் திட்டமாட்டார், அந்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். எங்களிடம் இருந்தது துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கேமரா. முன்னால் லென்ஸ், நடுவில் பாடி, பின்னால் ஃபிலிம் வைத்த பெட்டி. அந்தப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். மூன்று மேகசின் இருந்தன, மூன்றிலும் சார் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார். ஒன்றில் கலர் ஃபிலிம், ஒன்றில் கறுப்பு வெள்ளை என்று போட்டுவைத்து, பாதி ரோலிலேயே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது ஃபிலிமில் வெளிச்சம் படாமலிருக்க மேகசினின் வாயில் ஒரு மெல்லிய தகரத் தகட்டைச் செருக வேண்டும். அதுதான் டார்க் ஸ்லைட்.

இந்தக் கேமராவின் புத்திசாலித்தனமே அந்தத் தகட்டில்தான் இருந்தது. தகடு உள்ளே போகாவிட்டால் மேகசின் கழன்று வராது. தகடு உள்ளே இருந்தால் கேமரா அடிக்காது, பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் அமுங்காது. மறதிக்காரன் கையில் கொடுத்தாலும் படம் கெடக்கூடாது என்று யோசித்துச் செய்தது.

அப்படியிருந்தும் வரதராஜன் சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மேகசின் மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பிறகு ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மூடு. கழட்டு. மாட்டு. திற." தகட்டைச் செருகுவது மூடு. உருவுவது திற. உருவிய தகட்டை மேசையில் வைக்கக் கூடாது, சட்டைப் பையில் போடக் கூடாது. இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டே படம் எடுக்க வேண்டும். கூட இருப்பவர் "திறந்தாச்சு" என்று பதில் சொன்ன பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எங்களைப் பார்த்து, "இன்னா சாமி, இங்க பூஜை நடக்குதா?" என்று கிண்டல் செய்வார்கள். சார் காதில் வாங்கமாட்டார். எனக்கும் கேலியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை வருஷத்தில் எங்கள் பிரிவில் ஒரு படம்கூட வெறுமையாக வந்ததில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதை சாதாரண மரியாதை இல்லை.

இரண்டாயிரத்தை ஒட்டி டிஜிட்டல் பேச்சு வந்தது. மேலிடம் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதுக் கேமரா வாங்கலாமா, இல்லை இருக்கிற கேமராவுக்கு டிஜிட்டல் பேக் மட்டும் வாங்கி மாட்டலாமா என்று கேட்டது. டிஜிட்டல் பேக் என்றால் ஃபிலிம் மேகசினுக்குப் பதிலாகப் பின்னால் மாட்டுவது. உள்ளே ஃபிலிமுக்கு மாற்றாக சென்சார் இருக்கும், ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒன்றை வரவழைத்துப் பல வாரம் பயன்படுத்திப் பார்த்து, நன்மை தீமைகளை எழுதித் தரும்படி சார் என்னிடம் சொன்னார்.

எழுதினேன். நன்மைகள் நிறைய இருந்தன. பல வருஷமாகச் சேர்த்த நல்ல லென்ஸ்களைத் தூக்கிப் போட வேண்டாம். படம் எடுத்த நிமிஷமே திரையில் பார்க்கலாம். டிஜிட்டலில் சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டை அசைக்காமல் பேக்கைக் கழற்றி மேகசினை மாட்டி அதே படத்தை ஃபிலிமிலும் எடுக்கலாம். நாளைக்கு இதைவிட நல்ல பேக் வந்தால் பின்பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு டிஜிட்டல்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. இருட்டறையில் கெமிக்கல் நாற்றத்தில் நின்றவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

தீமைகளையும் எழுதினேன். சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, அதனால் அகலமான லென்ஸ் போட்டாலும் காட்சி அகலமாக விழாது. கேபிளை யாராவது மிதித்தால் வேலை நின்றுபோகும். எல்லாவற்றையும்விட எரிச்சல், பழுது வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாது. ஒரு தடவை எல்லாப் படத்திலும் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தது. லென்ஸ்காரர் வந்து பாடியில் கோளாறு என்றார். பாடிக்காரர் வந்து பேக்கில் என்றார். பேக்குக்காரர் வந்து கேபிளில் என்றார். மூன்று பேரும் எங்கள் கேன்டீனில் டீ குடித்து, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பட்டை அப்படியே இருந்தது.

கடைசியாகத் தூசி. டிஜிட்டல் பேக்குக்கு டார்க் ஸ்லைட் கிடையாது. கழற்றியதும் மூடி போடும்வரை சென்சார் திறந்து நிற்கும். இதை நான் இப்படி எழுதினேன்: அடிக்கடி கழற்றி மாட்டினால் தூசியோ நூலிழையோ சென்சாரில் ஒட்டக்கூடும். அது படத்தில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியலாம். பொருளில் உள்ள விரிசல் என்று அதைத் தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு.

சார் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே தேவராஜ். ஒண்ணையும் மறைக்கல" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பேக் வாங்கினார்கள். சார் ஒரு விதி சேர்த்தார்: விபத்துப் படம் எதுவானாலும் ஒவ்வொரு கோணத்திலும் டிஜிட்டலில் ஒன்று, ஃபிலிமில் ஒன்று. "ஒண்ணு கெட்டா இன்னொண்ணு சாட்சி சொல்லும்" என்றார்.

சில வருஷம் கழித்து அந்த விபத்து நடந்தது.

பெருமாள் அண்ணனை எனக்கு முன்பே தெரியும். ஸ்ரீராம்புரத்துக்காரர். பெரிய கூடத்தில் கனமான இரும்பு வார்ப்புகளுக்குச் சங்கிலி கட்டி கிரேன் கொக்கியில் மாட்டுவது அவர் வேலை. எங்களுக்குப் படம் எடுக்க இயந்திரத்தைத் தூக்கி வைப்பதும் அவர்தான். அங்குலம் அங்குலமாக நகர்த்தச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்வார். அன்று ஒரு வார்ப்பைத் தூக்கும்போது கொக்கியின் வாய் விரிந்து, சங்கிலி நழுவி, வார்ப்பு அவர் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கொக்கியைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு சூப்பர்வைசர் தலைக்குமேல் நின்றுகொண்டு, "பேக பேக முகிசு குரு, ஒரு படம் போதும்" என்று, சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். நான் சாரின் விதிப்படிதான் செய்தேன். முதலில் முழுக் கொக்கி, டிஜிட்டலில் ஒன்று. பேக்கைக் கழற்றி மூன்றாம் நம்பர் மேகசினை மாட்டி ஃபிலிமில் ஒன்று. மறுபடி பேக்கை மாட்டி, கொக்கியின் உள்வளைவை நெருக்கத்தில் எடுத்தேன். திரையில் அது தெரிந்தது. வளைவின் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு. திரையை விட்டுவிட்டு நேராகக் கொக்கியிடம் போனேன். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நகத்தால் தடவினேன், நகம் தட்டி நின்றது. விரிசல். அதன் ஓரத்தில் பழைய துரு வேறு. ஒரு நாளில் வந்த விரிசல் இல்லை அது.

"மூடு, கழட்டு, மாட்டு, திற" என்று நானே சொல்லிக்கொண்டு அதையும் ஃபிலிமில் எடுத்தேன். பட்டன் அமுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிசல் இருந்தது என்றால் கொக்கியைப் பரிசோதிக்காமல் விட்ட பராமரிப்புப் பிரிவின் குற்றம். விரிசல் இல்லை என்றால் சுமையைக் கொக்கியின் வயிற்றில் மாட்டாமல் நுனியில் மாட்டிய பெருமாளின் குற்றம். விஷயம் அவ்வளவுதான். அந்த வாரமே கொக்கி பழைய இரும்போடு சேர்ந்து உலைக்குப் போய்விட்டது. தவறுதலாக நடந்ததாம். அதன்பிறகு மிஞ்சியது என் படம் மட்டுமே.

அன்று மாலை மூன்றாம் நம்பர் மேகசினைச் சார் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஃபிலிமை நானே கழுவுறேன், நீ வீட்டுக்குப் போ." கழுவுவது எப்போதும் என் வேலை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு முக்கியமான படத்தைப் பெரியவரே கழுவுவது நல்லதுதான் என்று நினைத்தேன்.

காலையில் நெகட்டிவ் துண்டுகள் என் மேசையில் இருந்தன. நாங்கள் மூன்று மூன்று படமாக வெட்டிவைப்பது வழக்கம். கடைசித் துண்டில் இரண்டே இருந்தன. முழுக் கொக்கி இருந்தது, அவ்வளவு தூரத்தில் அந்தக் கோடு தெரியாது. உள்வளைவு இல்லை.

"அது வெறுமையா வந்துடுச்சு தேவராஜ். ஸ்லைடை உருவாம அடிச்சிருக்கே."

"சார், ஸ்லைடு உள்ள இருந்தா கேமரா அடிக்காதே சார்!"

"மூணாம் நம்பர் பழசு. லாக் தேஞ்சுபோச்சு. ரிப்பேருக்கு அனுப்பிட்டேன்."

"வெறுமையா வந்த ஃபிலிம் எங்க சார்?"

"வெத்து ஃபிலிம் எதுக்கு? தூக்கிப் போட்டுட்டேன்."

வெளிச்சம் பட்டு ஓரம் புகைந்த ஃபிலிமைக்கூட உறையில் போட்டு, தேதி எழுதி வைக்கிறவர் அவர். என் கண்ணைப் பார்க்காமல், கைக்குட்டையால் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த லென்ஸ் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. பதினைந்து வருஷத்துக்குக் கிட்ட இவரிடமா வேலை கற்றோம் என்று இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். டிஜிட்டல் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேசையில் வைத்திருந்தார்கள். கோடு நன்றாகத் தெரிந்தது. தலைமை தாங்கியவர் கேட்டார்: "இந்தப் படத்துக்கு முன்னால பேக்கைக் கழட்டி மாட்டினீங்களா?"

"ஆமாம் சார். ஃபிலிம்ல எடுக்க."

"எடுத்து முடிச்ச பிறகு சென்சாரை ஊதிச் சுத்தம் பண்ணீங்களா?"

"தினமும் பண்ணுவோம் சார்."

"அப்போ தூசி இருந்திருந்தாலும் இப்ப தெரியாது" என்று அவர் ஒரு காகிதத்தைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தார். என் அறிக்கை. தூசியோ நூலிழையோ ஒட்டக்கூடும், மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியலாம், விரிசல் என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. வாசித்துவிட்டு, "இது நீங்க எழுதினதுதானே?" என்றார்.

"நான் எழுதினதுதான் சார். ஆனா அந்தக் கோட்டை நான் கண்ணால பார்த்தேன். நகத்தால தொட்டுப் பார்த்தேன். துரு இருந்தது."

"நீங்க போட்டோகிராஃபர். உலோகப் பரிசோதனை உங்க வேலை இல்ல. படம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க."

படம் விரிசல் என்றுதான் சொல்கிறது என்றேன். அந்தப் படம் நம்பத்தக்கதல்ல என்று என் அறிக்கையே சொல்கிறதே என்றார்கள். மூன்றாம் நம்பர் மேகசினை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், ஸ்லைடைச் செருகிவிட்டு உங்கள் கையாலேயே அமுக்கிப் பாருங்கள் என்று கேட்டேன். வரதராஜன் சார் எழுந்து, அதே தணிந்த குரலில், அது ரிப்பேருக்குப் போயிருக்கிறது, லாக் தேய்ந்துவிட்டது என்றார். அவருடைய சர்வீஸையும் சுத்தத்தையும் அங்கே எல்லோருக்கும் தெரியும். குழு அதை அப்படியே எழுதிக்கொண்டது. பராமரிப்புப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, ஸ்டோர்ஸ், எல்லோரும் தங்கள் தங்கள் பாகம் சரியாகத்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். கழற்றி எறியச் சுலபமாக இருந்த ஒரே பாகம் பெருமாள் அண்ணன். கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து, ஒற்றை அறை. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து உள்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னா தேவு, படத்துல கோடு இருந்திச்சா இல்லியா?"

"இருந்துச்சுண்ணா."

"நெசமா வெடிப்பா அது?"

"வெடிப்புதாண்ணா. என் கையால தொட்டேன்."

அவர் மனைவி பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? நான் நுனியில மாட்டல. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டனோன்னு எனக்கே ரோசனையா இருந்திச்சு" என்றார். கன்னியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "இத அங்க சொல்லிக்கினு வந்திருக்கணும். இங்க வந்து சொல்றாரு, பெருசா!" என்றார். அங்கேயும் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? கன்னியம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வரதராஜன் சாருக்கு ஓராண்டு பணி நீட்டிப்புக் கிடைத்தது. மூன்றாம் நம்பர் மேகசின் சில நாளில் அலமாரிக்குத் திரும்பி வந்தது. ரிப்பேருக்குப் போய் வந்த பொருளில் கட்டியிருக்கும் சீட்டு அதில் இல்லை. திருகாணிகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. எங்கேயும் போகவில்லை அது. ஸ்லைடைச் செருகிப் பட்டனை அமுக்கினேன். அமுங்கவில்லை. இதை எடுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனேன். ரிப்பேர் ஆகி வந்தால் வேலை செய்யத்தானே செய்யும், போய் வேலையைப் பாருங்கள் என்றார். அந்த ஒரு வருஷமும் நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. மேகசின் மாற்றும்போது அவர் "மூடு, கழட்டு" என்று சொன்னால் நான் பதில் சொல்வதில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு அவருக்கு வழியனுப்பு விழா. கேன்டீனில் ஜமுக்காளம் விரித்து, மாலை போட்டு, மைசூர்பாகு கொடுத்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் முதல் வரிசையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். பராமரிப்புப் பிரிவின் அந்த சூப்பர்வைசரும் பின்னால் நின்றார். குழுப்படம் நான்தான் எடுக்க வேண்டும். சாருக்கு ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்று ஃபிலிமிலேயே எடுக்கச் சொன்னார்கள். அலமாரியைத் திறந்து மூன்றாம் நம்பரை எடுத்து வந்தேன்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "மூடு." செருகினேன். "கழட்டு." ஒன்றாம் நம்பரைக் கழற்றினேன். "மாட்டு." மூன்றாம் நம்பரை மாட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். வரதராஜன் சாரின் உதடு நான்காவது சொல்லுக்குத் தயாராகி நின்றதைப் பார்த்தேன்.

"எல்லாரும் இப்படிப் பாருங்க" என்று பட்டனை அமுக்கினேன். அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினேன். "இன்னாய்த்து தேவராஜ், கேமரா கெட்டுப்போச்சா?" என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கெடல" என்றேன். "ஸ்லைடை உருவல. உருவலன்னா இது அடிக்காது. மூணாம் நம்பர், சார். லாக் தேயவே இல்ல."

முதல் வரிசையில் அந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லையோ, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தார்களோ, தெரியாது. சாருக்குப் புரிந்தது. மாலையைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. அறையே என்னைப் பார்த்துக் காத்திருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நான்காவது சொல்லை நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் அவர்தான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "திற" என்றார்.

உருவினேன். இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டேன். எடுத்தேன்.

படம் நன்றாக வந்தது. எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவரைத் தவிர. ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போயிற்று, இன்னொன்று என்னிடம் இருக்கிறது. பெருமாள் அண்ணன் கால் திரும்ப வரவில்லை, வேலையும் வரவில்லை. அந்த விழாவில் நான் செய்தது அவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கும் உதவவில்லை. எனக்குத் தெரியும்.

கார்த்திக், கேமராவை வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கேமராதான். நன்மை தீமைகளை எழுதிக் கொடு என்று எந்த ஆபீஸாவது உங்களிடம் கேட்டால் மட்டும், அந்தக் காகிதம் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று முதலில் கேளுங்கள்.